பெட்டி சரி, தேதி தப்பு: ஹெச்ஓ சரக்குப் பெட்டிகளில் பிழை பிடிப்பது

நல்ல கிட். பெயின்ட் ஒழுங்காக விழுந்திருக்கிறது, எழுத்தும் கோணாமல் நிற்கிறது. ஆனாலும் பழைய புகைப்படம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எங்கோ உதைக்கிறது. இன்னது என்று சொல்லத் தெரியவில்லை. அமெரிக்க நீராவிக் காலச் சரக்குப் பெட்டிகளின் மாடல்களை 1:87 அளவில் (ஹெச்ஓ என்பது இதுதான்) செய்கிறவர்கள் எல்லோரும் இந்த இடத்தில் ஒருமுறையாவது முழித்திருப்போம். கண்ணில் படும் அறிகுறியிலிருந்து காரணத்துக்குப் போகும் வழியைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். தேவையான தலைப்புக்கு நேராகப் போய்விடலாம்.

அதற்கு முன் ஒரு கேள்வி: உங்கள் மாடல் ரயில் ஓடும் மேடையில் இன்று என்ன தேதி? "ஐம்பதுகள்" என்றால் போதாது, மாதமும் வருடமும் வேண்டும். என் மேடையில் 1953 அக்டோபர். இடம் பென்சில்வேனியா ரயில்ரோடின் முதன்மைப் பாதை, ஆல்டூனா பக்கம். தேதியை முடிவு செய்யாமல் ஒரு பெட்டி சரியா தப்பா என்று யாராலும் சொல்ல முடியாது. கீழே வரும் பிழைகளில் பாதிக்கு மேல் தேதிப் பிழைகள்தான்.

சொல் விஷயமாக ஒன்று. அமெரிக்கர்கள் 'ட்ரக்' என்பதும் நம் ரயில்வேக்காரர்கள் 'போகி' என்பதும் ஒன்றே: நான்கு சக்கரங்களைத் தாங்கும் அடிச்சட்டம். நம் ஊர்ப் பேச்சில் முழுப் பெட்டியையே போகி என்று சொல்லிப் பழகிவிட்டதால், குழப்பம் வேண்டாமென்று இங்கே ட்ரக் என்றே எழுதுகிறேன்.

அறிகுறி: எல்லாம் இருக்கிறது, ஆனால் பொம்மை மாதிரி இருக்கிறது

முதலில் கைப்பிடிக் கம்பிகளைப் பாருங்கள். நிஜப் பெட்டியில் அந்தக் கம்பியின் குறைந்தபட்ச விட்டம் 5/8 அங்குலம். ஹெச்ஓவில் அது 0.2 மில்லிமீட்டருக்கும் கீழே. பழைய கிட்களில் கம்பி சுவரோடு சேர்ந்தே வார்க்கப்பட்டிருக்கும், அதுவும் இதைப்போல மூன்று மடங்கு தடிமனில். நிழல் விழ இடமே இருக்காது. பொம்மைத்தனம் முக்கால்வாசி இங்கிருந்துதான் வருகிறது.

வார்ப்புக் கம்பியை உளிமுனைக் கத்தியால் சீவி எடுங்கள். ஒரே இழுப்பாக இழுத்தால் சுவர் பள்ளமாகும், பக்கத்து ரிவெட்டும் போய்விடும். நாலைந்து தடவையாகச் சீவுவது நல்லது. 0.3 மி.மீ. துளைகள் போட்டு 0.25 அல்லது 0.3 மி.மீ. பாஸ்பர் வெண்கலக் கம்பியை வளைத்துச் செருகுங்கள். கம்பிக்கும் சுவருக்கும் நிஜத்தில் குறைந்தது 2 அங்குல இடைவெளி வேண்டும், இரண்டரை இருந்தால் இன்னும் நல்லது என்பது பாதுகாப்பு விதி. ஹெச்ஓவில் அது 0.6 முதல் 0.7 மி.மீ. வரை வரும். கண் அளவை நம்பாமல் அந்தத் தடிமனில் ஒரு ஸ்டைரீன் பிளாஸ்டிக் துண்டைக் கம்பிக்கும் சுவருக்கும் நடுவில் வைத்து அழுத்தி, பின்பக்கத்தில் சூப்பர் குளூ ஒரு பொட்டு வைத்து, துண்டை உருவிவிடுங்கள். எல்லாக் கம்பியும் ஒரே அளவில் நிற்கும்.

அடுத்தது சக்கரம். சாதாரண ஹெச்ஓ சக்கரத்தின் அகலம் 0.110 அங்குலம், அதாவது 2.8 மி.மீ. நிஜச் சக்கரத்தைச் சுருக்கினால் 1.7 மி.மீ. கூட வராது. பெட்டியைப் பின்னாலிருந்து பார்க்கும்போது இரண்டு ரோடு ரோலர் தெரிவது இதனால்தான். 'கோட் 88' எனப்படும் 2.2 மி.மீ. சக்கரம் நடுவழி. முழுக்க நிஜ அளவு இல்லை என்றாலும் சாதாரணத் தண்டவாளத்தில் ஓடும். தடம் பிரியும் பாயின்ட்டில், தண்டவாளங்கள் குறுக்கிடும் இடத்துப் பள்ளம் (தவளை என்பார்கள்) அகலமாக இருந்தால் கொஞ்சம் குதிக்கும். நான் அதைப் பொறுத்துக்கொள்கிறேன்.

மூன்றாவது கூரைமேல் நடைபலகை. கிட்டில் வருவது ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்குக் கட்டில் பலகை மாதிரி இருக்கும். ஓரத்தை அடியிலிருந்து சாய்வாக இழைத்துவிட்டால் பக்கவாட்டில் மெலிதாகத் தெரியும். செலவில்லாத வைத்தியம்.

அறிகுறி: படத்தோடு ஒப்பிட்டால் உருவமே வேறாக இருக்கிறது

இது பெரும்பாலும் உயரப் பிரச்சினை. "40 அடி பாக்ஸ்கார்" (கூரை மூடிய சரக்குப் பெட்டி) என்றால் நீளம் மட்டும்தான் தெரிகிறது. பென்சில்வேனியா ரயில்ரோடு 1924 முதல் ஆயிரக்கணக்கில் கட்டிய எக்ஸ்29 வகைக்கு உள்ளுயரம் 8 அடி 7 அங்குலம். 1932 பொது வடிவமைப்புக்கு 9 அடி 4. 1937 ஏஏஆர் (அமெரிக்க ரயில்ரோடுகள் சங்கம்) வடிவமைப்புக்கு 10 அடி. புல்மன்-ஸ்டாண்டர்டு 1947 முதல் செய்த பிஎஸ்-1 பெட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு 10 அடி 6. முதலுக்கும் கடைசிக்கும் 23 அங்குல வித்தியாசம். ஹெச்ஓவில் அது கிட்டத்தட்ட 6.7 மி.மீ., ஒரு சுண்டுவிரல் நகத்தின் அகலம். 1953இல் இந்த நாலு உயரமும் ஒரே ரயிலில் கலந்து ஓடியிருக்கின்றன. உங்கள் ரயிலின் கூரைக்கோடு வகுப்பில் அடித்த கோடு மாதிரி நேராகப் போனால் எல்லாப் பெட்டியும் ஒரே அச்சில் வந்தவை என்று அர்த்தம்.

உயரம் சரியாக இருந்தும் உதைத்தால் முனைச்சுவரைப் பாருங்கள். பெட்டியின் ரேகை அங்கேதான் இருக்கிறது. டிரெட்நாட் எனப்படும் இரும்பு முனையில் படுக்கைவாட்டு மடிப்புகள் எத்தனை, மேல் தகட்டில் எத்தனை, கீழ்த் தகட்டில் எத்தனை என்று எண்ணுங்கள். 1940களின் நடுவில் வந்த மாற்று வடிவத்தில் மடிப்புகள் இரு ஓரத்திலும் மெலிந்து பூரிக்கட்டை மாதிரி இருக்கும். பிஎஸ்-1 முனை இந்த இரண்டிலும் சேராது. அது அந்தக் கம்பெனியின் சொந்த வடிவம். கூரையிலும் இதே கதைதான். குறுக்குச்சாய்வாக மடிப்பு உள்ள கூரைத் தகடு 1940களின் கடைசியில்தான் வந்தது. 1941இல் கட்டியதாக எழுதியிருக்கும் பெட்டியின் தலையில் அது இருந்தால், ஒன்று கூரை பிறகு மாற்றப்பட்டிருக்க வேண்டும், அல்லது கிட்காரர் கையில் இருந்த அச்சைப் பயன்படுத்திவிட்டார்.

கதவை வைத்து மட்டும் முடிவுக்கு வராதீர்கள். யங்ஸ்டவுன் என்ற வகைக் கதவு உடைந்தால் பட்டறையில் கிடைத்ததை மாட்டி அனுப்பிவிடுவார்கள். இடப்பக்கம் ஒரு கதவு, வலப்பக்கம் வேறு கதவு என்று ஓடியதும் உண்டு.

அறிகுறி: ஒவ்வொரு பாகமும் அழகு, ஆனால் ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை

இதுதான் அதிகம் நடக்கிறது. அடியிலிருந்து மேலே போவோம்.

*ட்ரக்.* பட்டை இரும்புகளை போல்ட் போட்டுப் பூட்டிய ஆர்ச்பார் ட்ரக் பார்க்க அழகு, எல்லோருக்கும் பிடிக்கும். ஆனால் ஒரு ரயில்வேயிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறும் பெட்டிகளில் 1940களின் தொடக்கத்திலேயே அதைத் தடை செய்துவிட்டார்கள். போல்ட் தளர்ந்து விபத்தாவதுதான் காரணம். 1953 ரயிலில் ஆர்ச்பார் இருந்தால் அது ரயில்வேயின் சொந்த வேலை வண்டியாக இருக்க வேண்டும். மறுபக்கம், அச்சு முனையில் சுழலும் மூடி தெரியும் ரோலர் பேரிங் ட்ரக் 1960களில்தான் பரவலானது. 1940களின் பிற்பகுதிப் பாக்ஸ்காருக்கு ஏஎஸ்எஃப் ஏ-3 அல்லது பார்பர் எஸ்-2 வகை ட்ரக் வைத்தால் பெரும்பாலும் தப்பாகாது.

*பிரேக்.* பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். சிலிண்டரும் காற்றுத்தொட்டியும் ஒட்டிய ஒரே உருளையாக இருந்தால் பழைய கே வகை. சிலிண்டர், தொட்டி, வால்வு மூன்றும் தனித்தனியாக இருந்தால் ஏபி வகை. புதிதாகக் கட்டும் பெட்டிக்கு 1933 முதல் ஏபி கட்டாயம். பழைய பெட்டிகளையும் மெல்ல மாற்றிக்கொண்டே வந்து 1950களின் தொடக்கத்தில் கேயை ஓய்வுக்கு அனுப்பினார்கள். ஆகவே 1920களில் கட்டிய எக்ஸ்29 என் மேடைக்கு வரும்போது அதற்கு வயது முப்பதானாலும் பிரேக் புதியது. கிட் எந்த வருடப் பெட்டியாக இருந்தாலும் மேடையின் தேதியில் அதற்கு என்ன மாட்டியிருந்தார்கள் என்றுதான் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, இது நிறையப் பேருக்கு விழும் அடி. சிலிண்டரின் தள்ளுதண்டு கைப்பிரேக் இருக்கும் முனையைப் பார்க்க வேண்டும். அந்த முனைக்கு 'பி' முனை என்று பெயர். உடலைக் கழற்றி மாட்டும்போது திருப்பிப் போட்டுவிடுவது மிகச் சுலபம்; நான் மூன்று பெட்டியில் போட்டிருக்கிறேன்.

*கூரை.* 1966 முதல் புதிய பாக்ஸ்கார்களுக்கு நடைபலகை போய்விட்டது. அதற்கு முந்தைய தேதியில் நடைபலகையும் கூரை வரை போகும் ஏணியும் இருந்தே ஆக வேண்டும். மரப்பலகையா இரும்புக் கிராதியா என்பது கட்டிய வருடத்தைப் பொறுத்தது. போர்க்காலத்துக்குப் பிந்தையது என்றால் கிராதி.

*சுவரில் உள்ள சின்னச் சின்ன அடையாளங்கள்.* ஒருமுறை 1948 பிஎஸ்-1 ஒன்றை முடித்து நண்பர் ஒருவரிடம் பெருமையாகக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "தம்பி, இது என்ன கறுப்புக் கட்டம்?" என்றார். கீழ்ப்பக்கம் வெள்ளைக் கோடு போட்ட கறுப்புக் கட்டத்துக்குள் பராமரிப்புத் தேதிகள். அது 1970களின் வழக்கம். டெக்கால் தாளில் (நீரில் நனைத்து ஒட்டும் எழுத்துப் படலம்) இருந்தது, நான் ஒட்டிவிட்டேன். தாளில் இருப்பதெல்லாம் உங்கள் தேதிக்கு உரியது அல்ல. பெட்டியைத் தானாக அடையாளம் காணப் பல வண்ணப் பட்டைகள் அடுக்கிய ஏசிஐ பலகை 1967க்குப் பிறகுதான். சக்கரச் சோதனையைக் குறிக்கும் மஞ்சள் வட்டப் பொட்டு 1978.

அறிகுறி: எடை எண்கள் கூட்டினால் வரவில்லை

இதை யாரும் பார்க்க மாட்டார்கள் என்பீர்கள். நான் பார்ப்பேன்.

பாக்ஸ்காரின் பக்கச் சுவரில் மூன்று வரிகள் இருக்கும்: கொள்திறன், சுமை வரம்பு, வெற்று எடை, எல்லாம் பவுண்டில். 50 டன் பெட்டியின் அச்சு தாங்கும் மொத்தம் அந்தக் காலத்தில் 1,69,000 பவுண்டு. 40 டன்னுக்கு 1,36,000. 70 டன்னுக்கு 2,10,000. சுமை வரம்பையும் வெற்று எடையையும் கூட்டினால் இந்த எண் வர வேண்டும். வெற்று எடை 45,800 என்றால் சுமை வரம்பு 1,23,200. கொள்திறன் வரி தனி. அது 1,00,000 என்று முழு எண்ணாக நிற்கும்.

பெட்டி ஓட ஓட மரம் தேயும், பாகம் மாறும், எடை மாறும். அதனால் சில வருடங்களுக்கு ஒருமுறை எடைபோட்டு வெற்று எடையையும் சுமை வரம்பையும் திருத்தி எழுதுவார்கள். பக்கத்திலேயே எடைபோட்ட பட்டறையின் சுருக்கெழுத்தும் மாதமும் வருடமும் வரும். கட்டிய புதிதில் அந்த இடத்தில் 'நியூ' என்ற சொல்லும் தேதியும் இருக்கும். 1941இல் கட்டிய பெட்டி 1953இலும் 'நியூ 1941' என்று சொல்லிக்கொண்டிருந்தால் பன்னிரண்டு வருடம் அதை எவரும் எடைபோடவில்லை என்றாகிறது. கிட்டில் வரும் எழுத்து எப்போதும் பிறந்தநாள் கோலத்தில் இருப்பதால் இந்தப் பிழை ஏறக்குறைய எல்லா மேடையிலும் உண்டு.

சரிசெய்வது சுகமான வேலை. பெட்டியை முதலில் அழுக்காக்குங்கள். பழைய எண்கள் இருந்த இடத்தில் மாஸ்கிங் டேப்பால் சிறு செவ்வகம் விட்டு, பெட்டியின் அசல் நிறத்தைப் புதிதாக, ஒரு சாயல் தூக்கலாக அடியுங்கள். மழமழப்பு வார்னிஷ் ஒரு தொடுப்பு. அதன்மேல் புதிய எண்கள், பட்டறைக் குறி, தேதி. எண்களை ஒவ்வொன்றாகக் கத்திமுனையில் எடுத்து வைக்க வேண்டும். ஒரு பக்கத்துக்கு அரை மணி ஆகும். பிறகு அந்தச் செவ்வகத்தின் மேல் இலேசான தூசி மட்டும். புகை படிந்த சுவரில் இரண்டு விரல்நுனி அளவு சுத்தமான சிவப்புத் திட்டும் அதில் வெள்ளை எண்களும். பார்த்தவுடன் பெட்டிக்கு வயது வந்துவிடும். ஒரே மாலையில் ஒரு பெட்டிக்கு இதைவிடப் பெரிய பலன் தரும் வேலை எனக்குத் தெரியாது.

அறிகுறி: எழுத்தைச் சுற்றி வெள்ளியாக மின்னுகிறது

டெக்கால் படலத்துக்கு அடியில் காற்று மாட்டியிருக்கிறது. சொரசொரப்பான மேட் பெயின்ட்டின் மேல் நேராக ஒட்டினால் இப்படித்தான். அடுத்த தடவை முதலில் கிளாஸ் (மழமழப்பு வார்னிஷ்) அடித்து நன்றாகக் காயவிட்டு ஒட்டுங்கள். இப்போது ஆனதற்கு, புதுக் கத்திமுனையால் மின்னும் இடத்தை நாலைந்து குத்து குத்தி, மைக்ரோ சால் போன்ற மென்மையாக்கும் திரவத்தைத் தூரிகையால் தொட்டு விடுங்கள். படலம் சுருங்கி அசிங்கமாகத் தெரியும். பதறித் தொட்டுவிடாதீர்கள், தானாகப் படியும். மறுநாள் இன்னொரு முறை. பலகைச் சுவர்ப் பெட்டி என்றால் ஒவ்வொரு பலகை இடுக்கிலும் கத்தியால் கீறிவிட்டுத் திரவம் விடவேண்டும். இல்லாவிட்டால் எழுத்து இடுக்கின் மேல் பாலம் கட்டி நிற்கும்.

அறிகுறி: மேட் வார்னிஷ் அடித்ததும் வெள்ளைப் புகை படர்ந்துவிட்டது

இரண்டு காரணம். ஒன்று, காற்றில் ஈரம். சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோரத்தில் இருப்பவர்கள் மழைநாளில் ஸ்ப்ரே டின்னைத் தொடாமல் இருப்பது நல்லது. இரண்டு, டல்கோட் எனும் மேட் வார்னிஷ் அடித்த மேற்பரப்பில் ஆல்கஹால் கலந்த கறுப்பு மையை ஓடவிட்டது. எதுவானாலும் பயப்பட வேண்டாம். வறண்ட நாளில் மெல்லிய கிளாஸ் ஒரு பூச்சு அடித்தால் புகை மறைந்துவிடும். அதன்மேல் திரும்ப மேட்.

அறிகுறி: ரெசின் சுவர் வளைந்திருக்கிறது, பெயின்ட் உரிகிறது

வளைவுக்கு வெந்நீர். கை பொறுக்காத சூட்டில் ஒரு நிமிடம் முக்கி, கண்ணாடித் தட்டில் படுக்கவைத்து மேலே பாரம் வைத்து ஆறவிடுங்கள். உரிவதற்குக் காரணம் அச்சிலிருந்து எடுக்கப் பூசிய எண்ணெய்ப் பசை. பாத்திரம் தேய்க்கும் சோப்பும் பழைய டூத்பிரஷும் போதும், ஆனால் பிரைமருக்கு முன்னால். ரெசினை ஈரம் வைத்துத் தேயுங்கள், மூக்குக்கு மாஸ்க் போடுங்கள். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

ட்ரக்கில் மட்டும் பெயின்ட் உரிந்தால் அது வேறு விஷயம். நிறைய ட்ரக் அசிட்டால் எனும் வழவழப்பான பிளாஸ்டிக். எதுவும் அதில் சரியாகப் பிடிக்காது. மெல்லிய பூச்சாக அடித்து, அடித்தபின் வளைக்காமல் இருப்பதுதான் வழி.

அறிகுறி: தடம் புரள்கிறது, அல்லது நடுவழியில் கழன்றுவிடுகிறது

தண்டவாளத்தைத் திட்டும் முன் இந்த வரிசையில் பாருங்கள். சக்கர இடைவெளியை என்எம்ஆர்ஏ (அமெரிக்காவின் தேசிய மாடல் ரயில் சங்கம்) அளவுத்தகட்டில் வைத்துப் பாருங்கள். புதிதாக வாங்கியதிலும் தப்பு இருக்கும். ட்ரக் திருகு ஒன்றை, ட்ரக் திரும்பும் ஆனால் பக்கவாட்டில் ஆடாது என்ற அளவுக்கு இறுக்கி, மற்றதை ஆடும்படி தளர்த்திவிடுங்கள். மூன்று கால் முக்காலி ஆடாது என்ற அதே கணக்கு. இரண்டையும் இறுக்கினால் மேடுபள்ளத்தில் ஒரு சக்கரம் அந்தரத்தில் நிற்கும். பிறகு எடை. என்எம்ஆர்ஏ பரிந்துரை ஹெச்ஓவுக்கு ஒரு அவுன்ஸ், அத்தோடு நீளத்தில் அங்குலத்துக்கு அரை அவுன்ஸ். 40 அடிப் பெட்டிக்கு 110 கிராம் பக்கம் வரும். வெற்று கோண்டோலாவில் (கூரையில்லாத திறந்த பெட்டி) இதை ஒளிக்க இடமில்லை. அடிச்சட்ட இடுக்குகளில் ஈயத் தகடு வைத்தும் குறைவாகவே நிற்கும், அதை ரயிலின் பின்பகுதியில் மாட்டுங்கள்.

கழன்றுபோனால் கப்ளர் (பெட்டிகளை இணைக்கும் கொக்கி) உயரம். தண்டவாளத்தின் மேலிருந்து கப்ளர் நடுவுக்கு ஏறக்குறைய 10 மி.மீ. கேடீ கம்பெனியின் கப்ளர் அளவுகோலில் வைத்துப் பார்த்தால் ஒரு நொடியில் தெரியும். தாழ்ந்திருந்தால் ட்ரக்குக்கும் உடலுக்கும் நடுவில் மெல்லிய வாஷர். அடியில் தொங்கும் கம்பி பாயின்ட்டில் இடிக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

அறிகுறி: அழுக்காக்கினேன், ஆனால் எல்லாம் துரு பிடித்த மாதிரி இருக்கிறது

துருவைக் குறையுங்கள், கரியைக் கூட்டுங்கள். 1953இல் நிலக்கரிப் புகை இன்னும் ஓயவில்லை. பெட்டியில் படிந்தது பெரும்பாலும் கறுப்பும் சாம்பலும். பலகைச் சுவர் துருப்பிடிக்காது, வெளிறி நரைக்கும். கூரையில் வேறு கதை: துத்தநாகம் பூசிய தகட்டில் பெயின்ட் நிற்காமல் உரிந்து சாம்பல் வெள்ளி தெரியும். முதலில் கூரையைச் சாம்பல் வெள்ளியாக அடித்து, ஸ்பாஞ்சால் மாஸ்கிங் திரவத்தை அங்கங்கே ஒற்றி, மேலே பழுப்பு அடித்து, காய்ந்ததும் விரலால் உருட்டி எடுத்தால் அப்படியே வரும். உரிவு தகட்டு மடிப்புக்கு மடிப்பு மாறும், எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இராது.

ஒரே அழுக்கைப் பத்துப் பெட்டிக்கு ஒரே இரவில் அடிக்காதீர்கள். போன மாதம் பெயின்ட் கண்டதும் பத்து வருடமாகக் காணாததும் பக்கத்தில் பக்கத்தில் நின்றிருக்கின்றன.

அறிகுறி: தனித்தனியாக எல்லாம் சரி, ரயிலாகச் சேர்த்தால் பொய்யாக இருக்கிறது

நாம் பிடித்ததை வாங்குகிறோம், ரயில்வே அப்படி வாங்கவில்லை. பொதுப் பாக்ஸ்கார் நாடு முழுக்க அலையும். ஆகவே முதன்மைப் பாதையில் வெளி ரயில்வேப் பாக்ஸ்கார்களின் கலவை, நாட்டில் யாரிடம் எத்தனை பெட்டி இருந்ததோ அந்த விகிதத்தை ஒட்டியிருக்கும் என்பது எனக்குச் சரியாகப் படும் கணக்கு. பென்சில்வேனியாவும் நியூயார்க் சென்ட்ரலும் மிகப் பெரிய கும்பல்கள், எந்த ஊர் மேடையிலும் அவை வேண்டும். பளிச்சென்ற நிறத்தில் சிறு ரயில்வேப் பெட்டி ஒன்று இருந்தால் விருந்து. ஆறு இருந்தால் பொம்மைக்கடை. நிலக்கரி ஏற்றும் திறந்த பெட்டியான ஹாப்பர் அவ்வளவு அலையாது, அதில் உள்ளூர் ரயில்வேதான் கூட்டம்.

ரீஃபரில், அதாவது குளிரூட்டிய பெட்டியில், இன்னும் மோசம். பீரும் இறைச்சியும் விளம்பரம் செய்யும் வண்ணப்பெட்டிகளை யாரும் விடமாட்டேன் என்கிறார்கள். அந்த விளம்பரத்துக்கு 1930களிலேயே முற்றுப்புள்ளி விழுந்துவிட்டது. 1953இல் பழ ரயில் என்றால் பசிபிக் ஃப்ரூட் எக்ஸ்பிரஸின் ஆரஞ்சு நிறம் வரிசையாக, ஒன்றின் பின் ஒன்றாக, அழுக்கோடு.

அறிகுறி: ஒரே எண்ணில் இரண்டு பெட்டி

கடையில் தள்ளுபடி விலையில் ஒரே பெட்டியை நாலு வாங்கினால் நடக்கும். கடைசி எண்ணை மட்டும் மாற்றினால் போதும், ஆனால் அந்த வகைக்குரிய எண்வரிசைக்குள் நிற்க வேண்டும். அஃபீஷியல் ரயில்வே எக்விப்மென்ட் ரெஜிஸ்டரில் ரயில்வேவாரியாக எண்வரிசை, உள்நீளம், உள்ளுயரம், எத்தனை பெட்டி மிச்சம் என்று எல்லாம் இருக்கிறது. நான் வைத்திருப்பது 1953 ஜனவரி இதழின் மறுபதிப்பு. என் மேடைத் தேதி 1953 ஆனதற்கு அதுவும் ஒரு காரணம். பழைய எண்ணை எடுக்க ஸ்டைரீனைக் கரைக்கும் எதையும் தொடாதீர்கள். ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் தோய்த்த பஞ்சுக்குச்சியால் பொறுமையாகத் தேய்த்தால் ஒரு எண் மட்டும் கழன்று வரும்.